ஓர் ஆட்டத்தோடு முடிந்துவிடாத பருவம் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும்

தமிழ்நாட்டின் மாவட்டக் கால்பந்துச் சங்க நிர்வாகிகளுக்கும், சிறுவர் சிறுமியர் போட்டிகளை நடத்தும் மன்றத்தாருக்கும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கடலூரில் ஒரு சிறிய கால்பந்து மன்றத்தின் பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுமியர் அணியில் லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்புறத் தடுப்பாட்டக்காரியாக, ஆடுகிறாள். இந்த ஆண்டு அவள் ஒரு முழுப் போட்டிப் பருவம் ஆடி முடித்திருக்கிறாள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் உயர்ந்துவிடுகிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், பெற்றவனுக்கு அந்த உரிமை உண்டு. உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான போட்டிகளை தோற்ற அணி உடனே வெளியேறும் நாக்-அவுட் முறையிலிருந்து விடுவித்து, மாவட்டந்தோறும் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும், பல வாரங்கள் நீளும் லீக்காக நடத்துங்கள். என் மகளுக்கு வாய்த்தது, சில மன்றங்கள் தங்களுக்குள் பேசி, கைக்காசைப் போட்டு நடத்திய ஒரு சிறு லீக்கால் வாய்த்தது. அப்படிப்பட்ட மன்றங்கள் அருகில் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை.

நாக்-அவுட்டின் கணக்கை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனாலும் பெற்றோரின் இடத்திலிருந்து அதை ஒருமுறை பார்க்கும்படி வேண்டுகிறேன். பதினாறு அணிகள் வந்தால் மொத்தம் நடப்பவை 15 ஆட்டங்கள். முதல் சுற்றிலேயே எட்டு அணிகள் பெட்டியைக் கட்டுகின்றன. இரண்டாம் சுற்றில் இன்னும் நான்கு. அதாவது வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கிடைப்பது ஒரே ஆட்டம், அதிலும் மாற்று ஆட்டக்காரராக வந்தவருக்குக் கடைசிப் பத்து நிமிடங்களோ, அதுவும் இல்லையோ. அதே பதினாறு அணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோதினால் 56 ஆட்டங்கள். எந்த அணிக்கும் ஏழு ஆட்டங்களுக்குக் குறையாது. நாக்-அவுட்டில் அதிகம் ஆடுகிறவர்கள் ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவர்கள். ஆட்டம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை அது முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. மூத்தோர் போட்டியில் இதற்கு நியாயம் இருக்கலாம். பன்னிரண்டு வயதில் இதற்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற ஆண்டு வேறொரு மாவட்டத்தில் நடந்த நாக்-அவுட் போட்டி ஒன்றுக்கு எங்கள் பிள்ளைகள் போனார்கள். கோல் எதுவும் விழாமல் முடிந்த அந்த ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றார்கள். கோல் அடிக்கத் தவறிய சிறுமி ஊர் திரும்பும்வரை பேருந்தில் வாய் திறக்கவில்லை; அடுத்த மாதமே பயிற்சிக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அடுத்த ஞாயிறே இன்னொரு ஆட்டம் இருந்திருந்தால் அவள் நின்றிருக்க மாட்டாள் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அடுத்த ஞாயிறு என்ற ஒன்றே அவளுக்கு இல்லாமல் போனது உண்மை.

இந்த ஆண்டின் கதை வேறு. லீக்கின் முதல் ஆட்டத்தில் என் மகளுக்கு எதிரே வலப்புற விங்கராக, அதாவது கோட்டோரமாகப் பந்தைக் கொண்டுபோய்த் தாக்குபவளாக, ஆடியவள் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த ஒரு சிறுமி. மணலில் ஓடிப் பழகிய கால்கள். பந்தை முன்னால் தட்டிவிட்டுப் பறப்பாள். என் மகள் பந்தைப் பார்த்துப் பாய்வாள். பாய்ந்த இடத்தில் பந்தும் இருக்காது, அந்தச் சிறுமியும் இருக்க மாட்டாள். பந்து கிடைத்த ஓரிரு தருணங்களிலும் பயத்தில் அதைக் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த அணியிடம் நான்கு கோல் வாங்கினார்கள், மூன்று அவள் பக்கத்திலிருந்து வந்தவை. நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அவளுடைய பருவம் அங்கேயே முடிந்திருக்கும். அவளிடம் எஞ்சியிருக்கக்கூடியது தனக்கு ஆட வராது என்ற நினைப்பு மட்டும்தான்.

லீக் என்பதால் அடுத்த வாரமும் ஆட்டம் இருந்தது. அவளுடைய பயிற்சியாளர் பாய வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தார்: எதிராளியைக் கோட்டுப் பக்கம் ஒதுக்கி, பக்கவாட்டில் நின்று, அவளோடு பின்னோக்கி ஓடி, பந்து அவள் காலைவிட்டு விலகும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். சொல்லுக்கு எளிது. காத்திருப்பது பன்னிரண்டு வயதுக்கு எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள். இரண்டாம் ஆட்டத்தில் மறந்தாள், மூன்றாவதில் பாதி நினைவிருந்தது, அதற்கடுத்த ஆட்டங்களில் அவள் கால்கள் தாமாகவே நிற்கத் தொடங்கின. பந்து கிடைத்ததும் தலையை நிமிர்த்தி நடுவில் நிற்கும் தோழியைத் தேடும் பழக்கம் எந்த வாரத்தில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பருவத்தின் இரண்டாம் பாதியில் அதே குப்பத்து அணி மீண்டும் எதிரே வந்தது. அதே விங்கர், அதே வேகம். அன்றும் எங்கள் அணி தோற்றது. அந்தச் சிறுமி அன்றும் ஒரு கோல் அடித்தாள். ஆனால் மீதி நேரம் முழுவதும் என் மகள் அவளைக் கோட்டோரமாகவே வைத்திருந்தாள். ஆட்டம் முடிந்து இருவரும் ஒரே தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு, யார் யாரை எங்கே ஏமாற்றினார்கள் என்று கைகளை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னைத் தோற்கடித்த எதிரியை மறுபடி சந்திக்கும் வாய்ப்பு லீக்கில் மட்டும்தான் உண்டு. ஆட்டம் கற்பிக்கிறது என்றால் பெரும்பாலும் அந்த மறுசந்திப்பில்தான் கற்பிக்கிறது.

பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் தமிழ்நாடு பெருமைப்பட எவ்வளவோ இருக்கிறது. தேசிய மூத்தோர் (சீனியர்) மகளிர் கால்பந்துப் பட்டத்தை நம் மாநில அணி 2018-இல் மணிப்பூரை வென்றும், 2023-இல் அமிர்தசரசில் அரியானாவை வென்றும் கைப்பற்றியது. மதுரையின் சேது எஃப்சி 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் எங்கள் கடலூரில் பயிற்சி பெற்று இந்திய அணிவரை சென்றவர்கள். இங்கே மைதானத்துக்கு வரும் சிறுமிகளுக்கு அந்தப் பெயர்கள் பாடப்புத்தகப் பெயர்களைவிட நெருக்கமானவை. அந்த இந்திய மகளிர் லீக்கே தொடக்க ஆண்டுகளில் ஒரே ஊரில் எல்லா அணிகளையும் கூட்டிச் சில வாரங்களில் முடிக்கப்பட்டது. 2023-24 பருவத்தில்தான் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறிமாறி ஆடும் முறைக்கு வந்தது. நாட்டின் உச்சியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்த நியாயம் அடிவாரத்துக்கும் பொருந்தும் அல்லவா?

சிறுமிகள் விஷயத்தில் லீக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு; ஆண்கள் நிறைந்த நிர்வாகக் கூட்டங்களில் அது பேசப்படுகிறதா என்று ஐயுறுகிறேன். வெளிமாவட்டத்தில் மூன்று நாள் போட்டி என்றால் பெண்ணை அனுப்பும் வீட்டில் எழும் கேள்விகள் பல. எங்கே தங்குவார்கள், கழிப்பறை எப்படி, உடன் ஒரு பெண் வருகிறாரா, மாதவிடாய் நாளானால் என்ன செய்வாள். கேள்விகள் நியாயமானவை, பதில்கள் பெரும்பாலும் கடைசி நாள்வரை தெரிவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பல சிறுமிகள் மைதானத்தைவிட்டுப் போவதற்கு விருப்பக் குறைவைவிட இந்தக் கேள்விகளே காரணமாகின்றன என்பதை என் மகளின் தோழிகளின் வீடுகளில் கண்டிருக்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்டம், பதினொன்றுக்குள் வீடு, அடுத்த ஞாயிறும் அப்படியே என்று பருவம் தொடங்கும் முன்பே அச்சிட்ட அட்டவணை கையில் இருந்தால் பாட்டியும் சரி என்பார். நகரப் பேருந்து போகும் தொலைவிலுள்ள அணிகளை ஒரே பிரிவில் வைத்தால், கட்டணமில்லாப் பயணத் திட்டத்தில் சிறுமியர் அணிக்குப் பயணச் செலவே இல்லை. (பையன்களைப் பெற்றவர்கள் இதில் எங்கள்மேல் கொஞ்சம் பொறாமைப்படுவதைக் கவனித்திருக்கிறேன்.)

வயது மோசடியைப் பற்றியும் ஒரு சொல். ஓவர் ஏஜ் என்ற முணுமுணுப்பு இல்லாத சிறுவர் போட்டியை நான் பார்த்ததில்லை. ஓர் ஆட்டத்தில் தோற்றால் எல்லாம் போயிற்று என்ற அமைப்பில், மீசை அரும்பிய ஒருவனை இறக்கிவிடும் ஆசை எந்தப் பயிற்சியாளருக்கும் வரக்கூடும். பருவத் தொடக்கத்தில் பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்து, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் இணையப் பதிவில் பெயரை ஏற்றி, அதே முகங்களை வாரந்தோறும் எல்லோரும் பார்க்கும்படி ஆடவைத்தால் அந்த ஆசைக்கு இடம் குறையும். ஏழில் ஓர் ஆட்டத்தை வெல்வதற்காக யாரும் அவ்வளவு துணிய மாட்டார்கள்.

ஆட்ட விதிகளில் செய்யக்கூடிய மாற்றங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. அவற்றைப் பயன்படுத்தும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இளையோர் ஆட்டத்தில் மைதானத்தின் அளவு, பந்தின் அளவு, கோல் கம்பத்தின் அகலம், ஆட்ட நேரம் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளவும், தேசியச் சம்மேளனத்தின் ஒப்புதலோடு, வெளியே வந்த ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே போகவும் சர்வதேச விதிகளே இடம் தருகின்றன. 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கம்பத்துக்குக் கீழே நான்கரை அடிச் சிறுமியை நிறுத்திவிட்டு, தலைக்குமேல் போன பந்துக்கு அவளைக் கடிந்துகொள்வது எந்தப் பயிற்சியிலும் சேராது. இங்கிலாந்தில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவினர் ஒன்பது பேர் கொண்ட அணிகளாக ஆடுவது பல ஆண்டு வழக்கம். நாமும் அப்படிச் செய்தால் ஒரு முழு மைதானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள் நடக்கும். மைதானம் போதாது, நேரம் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடிய தடைக்கு அதிலேயே பாதி விடை இருக்கிறது. வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம் என்றால், சீருடை அணிந்து பருவம் முழுவதும் பெஞ்சைத் தேய்க்கும் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள்.

காலத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்தை வைத்துச் சொல்கிறேன். மற்ற மாவட்டத்தார் தங்கள் மழைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலூர் மைதானங்களை நம்ப முடியாது. 2011-இன் தானே புயலையும் 2015-இன் வெள்ளத்தையும் கண்ட ஊர் இது. மார்ச்சும் ஏப்ரலும் தேர்வுக்கு, மே மாதம் வெயிலுக்கு. மீதி இருப்பவை ஜூன் நடுவிலிருந்து காலாண்டுத் தேர்வுவரையுள்ள ஞாயிறுகளும், பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசிவரையுள்ள ஞாயிறுகளும். எட்டு அணிகள் கொண்ட பிரிவுக்கு ஒரு சுற்றுக்கு ஏழு ஞாயிறுகள் போதும். முதல் சுற்று மழைக்கு முன், இரண்டாம் சுற்று பொங்கலுக்குப் பின். பிப்ரவரி போதாவிட்டால் கடைசி ஓரிரு ஆட்டங்களைச் சனிக்கிழமைக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

பணம் ஒரு தடைதான், மறுக்கவில்லை. நடுவர் படி, பந்து, கோட்டுச் சுண்ணாம்பு, முதலுதவி என்று வாரந்தோறும் செலவாகும். ஆயினும் சிறுவர் போட்டிகளின் தொடக்க விழாவிலும் பரிசளிப்பு விழாவிலும் ஷாமியானா, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர்களுக்கான பொன்னாடை, நினைவுப் பரிசு ஆகியவற்றுக்கு ஆகும் தொகையைப் பார்த்தவன் என்ற முறையில், பணமே இல்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்க, ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் பேசி முடித்தபின் ஆட்டம் தொடங்கிய காலை ஒன்றை நான் மறக்கவில்லை. அந்தப் பொன்னாடைகளின் விலையில் சில ஞாயிறுகளுக்கு நடுவர் வைக்கலாம்.

பெற்றோர்களாகிய எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு எங்கள் லீக்கில் கோட்டுக்கொடி பிடித்தவர்கள் பெற்றோர், கோல் கணக்கு எழுதியவர்கள் பெற்றோர், சுண்டலும் எலுமிச்சைச் சாறும் கொண்டுவந்தவர்களும் பெற்றோர். நடுவரைப் பார்த்துக் கத்தியவர்களும் பெற்றோர்தான் என்பதால், கோட்டிலிருந்து சில அடி தள்ளிக் கயிறு கட்டி எங்களை அதற்குப் பின்னால் நிறுத்தினார்கள். அது நல்ல ஏற்பாடு, நீங்களும் செய்யுங்கள். சங்கம் ஒரு பயிலரங்கு வைத்துக் கோட்டு நடுவர் வேலையைக் கற்றுக்கொடுத்தால் வர ஆள் இருக்கிறது. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனவே இவ்வாண்டு செயற்குழுவில் இதைப் பொருளாக வைத்து, பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுமியர் பிரிவில் மட்டுமாவது லீக்கைத் தொடங்கிப் பாருங்கள். சிறுமியரில் அணிகள் குறைவு; ஆறோ எட்டோதான் சேரும் என்றாலும் போதும். ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறக்கும்போதே அட்டவணையை வெளியிட்டுவிட்டால், டியூஷன் நேரத்தையும் மாமன் வீட்டு விசேஷங்களையும் நாங்கள் அதற்கேற்ப அமைத்துக்கொள்வோம். குப்பத்து விங்கர் அடுத்த ஆண்டும் அதே அணியில்தான் ஆடப் போகிறாளாம். என் மகள் விசாரித்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு லெஃப்ட் பேக்கின் தந்தை,
கடலூர்.