வாட்ஸ் பாத்து பேஸ் கிட்டார் செட்டு வாங்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பிள்ளைங்களுக்கு என்ன மியூசிக் வாத்தியம் வாங்கித் தரலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, கீபோர்டு, லீட் கிட்டார் எல்லாத்துக்கும் பக்கத்துல பேஸ் கிட்டாருக்கும் (பாட்டுக்கு அடியில கனமான சத்தம் குடுக்கிற, தடிச்ச கம்பி போட்ட கிட்டார்) ஒரு கட்டம் இருந்துச்சு. 22 வருசமா மெல்லிசைக் கச்சேரியிலயும் கோயில் பாடகர் குழுவுலயும் பேஸ் வாசிக்கிறவன் நான், அத பாத்ததும் அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு, ஏன்னா எங்கள யாரும் கணக்குலயே எடுக்கிறதில்ல. ஆனா அந்தக் கட்டத்துல எத வச்சு ஒப்பிட்டிருந்தீங்கன்னா விலை, எத்தன கம்பி, ஆம்ப்ல (கிட்டார் சத்தத்த பெருக்குற ஸ்பீக்கர் பெட்டி) எத்தன வாட்ஸ், எஃபெக்ட்ஸ்ல (சத்தத்தோட குணத்த மாத்துற கருவி) எத்தன சவுண்டு, அவ்வளவுதான். இந்த நாலையும் வச்சு வாங்குனா காசு தப்பான இடத்துக்குப் போயிரும், அத சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்க பேப்பர் வந்த அன்னிக்கு சாயங்காலமே எங்க தெரு அக்கா ஒருத்தங்க அந்தக் கட்டத்த கத்தரிச்சு எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார், பையன் பதினொன்னாவது படிக்கிறான், கோயில்ல (நாங்க சர்ச்ச கோயில்னுதான் சொல்லுவோம்) ரெண்டு வருசமா குழுவோட பழைய பேஸ்ல வாசிச்சுட்டு இருக்கான், நல்ல கை. "தம்பி, சீட்டு எடுத்து நாப்பதாயிரம் வச்சிருக்கேன், இதுல போட்டிருக்கிற மாதிரி அஞ்சு கம்பி கிட்டாரும் நூறு வாட்ஸ் ஆம்பும் வேணும்ங்கிறான், நீங்க கூட வந்து வாங்கிக் குடுங்க"ன்னாங்க. ஒன்னரை வருசம் கட்டுன சீட்டு சார் அது. அந்தக் காச எப்படிச் செலவு பண்ணணும்ங்கிற பொறுப்பு எனக்கு வந்துருச்சு, எழுதின உங்களுக்கும் அதுல பங்கு இருக்குன்னு நினைக்கிறேன்.

முதல்ல வாட்ஸ் விசயம். 25 வாட்ஸ் ஆம்ப விட 100 வாட்ஸ் ஆம்ப் நாலு மடங்கு சத்தமா கேக்கும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, அது கிடையாது. வாட்ஸ ரெண்டு மடங்காக்குனா சத்தம் 3 டெசிபல்தான் ஏறும், நம்ம காதுக்கு ரெண்டு மடங்கு சத்தம்னு தோணணும்னா 10 டெசிபல் ஏறணும், அதுக்கு வாட்ஸ் பத்து மடங்கு வேணும். அப்ப 25க்கும் 100க்கும் நடுவுல வெறும் 6 டெசிபல். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கரா இருந்தா அதுலயே 3 டெசிபல் கிடைச்சிரும். முன்னாடி டேப் ரெக்கார்டர் காலத்துல பி.எம்.பி.ஓ (ஒரு நொடி கூட நிக்காத உச்சக் கணக்கு) 1000 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்தாங்க இல்லையா, அதே பழக்கம்தான் இன்னும் நம்மள விடல. கடையில கேக்க வேண்டியது ஆர்.எம்.எஸ், அதாவது தொடர்ந்து குடுக்கிற சக்தி, எத்தன வாட்ஸ், ஸ்பீக்கர் எத்தன இஞ்ச், தூக்குனா எத்தன கிலோ. மூணாவது முக்கியம், பஸ்ல ஏத்தி இறக்குற ஆளுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

நான் அந்தப் பையன்ட்ட கேட்ட முதல் கேள்வி, நீ எங்க வாசிக்கப் போற. கோயில்ல. அங்க பேஸ் எங்க போகுது? மிக்சருக்கு (எல்லா மைக்கையும் வாத்தியத்தையும் ஒன்னா கலக்குற மெசின்), அங்கருந்து பெரிய பாக்ஸுக்கு. கச்சேரியிலயும் இதே கததான், நம்ம ஊர்ல பேஸ்காரன் சவுண்டு 90 சதவீதம் சவுண்ட் சர்வீஸ்காரர் பாக்ஸ்லதான் வருது, மேடையில இருக்கிற ஆம்ப் நமக்குக் கேக்கத்தான். அப்ப நூறு வாட்ஸ் ஆம்புக்குப் போடுற காசு யாருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. இந்த மாதிரி இடத்துக்கு வேண்டியது டி.ஐ. பாக்ஸ், ஒரு கை அளவு பெட்டி, அத பத்தி உங்க கட்டத்துல ஒரு வார்த்த கூட இல்ல.

டி.ஐ. என்ன செய்யுதுன்னா, பேட்டரி இல்லாத பேஸ் கிட்டார்லருந்து வர்ற சிக்னல் ரொம்ப மென்மையானது, அத சாதாரண மிக்சரோட லைன் ஓட்டையில நேரா சொருகுனா மேல் சத்தமெல்லாம் செத்துப் போயி கம்பளிய போத்துன மாதிரி கேக்கும், நீளமான வயர்ல போனா இரைச்சல் வேற சேந்துக்கும். டி.ஐ. நடுவுல இருந்தா கிட்டாருக்கு எந்தப் பாரமும் இல்லாம சிக்னல வாங்கி, மைக் வயர்ல அம்பது அடி போனாலும் சுத்தமா கொண்டு போயி மிக்சர்ல சேக்கும். அதுல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்க, ஆம்புக்கும் மிக்சருக்கும் வேற வேற இடத்துலருந்து கரண்டு எடுத்து ம்ம்ம்ம்னு ஒரு சத்தம் வருமே, ஜெனரேட்டர் வச்ச பந்தல்ல எத்தனையோ ராத்திரி அந்தச் சத்தத்தோடயே வாசிச்சிருக்கேன், அந்தச் சுவிட்ச தட்டுனா பெரும்பாலும் நின்னுரும். இது ஏதோ காசில்லாதவன் வழின்னு நினைச்சுராதீங்க. அமெரிக்கால டெட்ராய்ட்ல மோடவுன்ங்கிற பாட்டு ரெக்கார்டு கம்பெனி ஸ்டூடியோவுல 1960கள்ல ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிச்ச பேஸ் பெரும்பாலும் ஆம்ப் இல்லாம நேரா கன்சோலுக்கு (ஸ்டூடியோ மிக்சர்) போனதுதான், கையில ஒரு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், அதுல அறுந்தா ஒழிய மாத்தாத, மேல வழுவழுன்னு இருக்கிற ஃபிளாட்வவுண்ட் கம்பி. உலகத்துல பேஸ் வாசிக்கிறவங்க பாதிப் பேரு அவருக்குக் கடன்பட்டவங்க.

சரி கிட்டாருக்கு வர்றேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடி பையன் போன்ல பத்து இருவது வீடியோ பாத்து அஞ்சு கம்பி ஆக்டிவ் (உள்ள பேட்டரி போட்ட) பேஸ்னு முடிவே பண்ணி வச்சிருந்தான். பேஸோட தடிச்ச கம்பி ஈ, அதோட அடிச் சுருதி 41 ஹெர்ட்ஸ், அஞ்சாவது கம்பி பி 31 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கருக்கு இதெல்லாம் வரவே வராது, மேல இருக்கிற கிளைச் சுரத்த மட்டும் கேட்டுட்டு இது நல்லாருக்கு அது நல்லால்லன்னு சொல்றோம். ராஜா சார் பாட்ட போன் ஸ்பீக்கர்ல கேளுங்க, அப்புறம் அதே பாட்ட நல்ல ஹெட்போன்ல கேளுங்க, அடியில பேஸ் தனியா ஒரு மெட்டு போட்டுட்டுப் போகும், அது போன்ல இல்லவே இல்ல. அதனால வீடியோ பாத்து ஒப்பிடுறதா இருந்தா ஹெட்போன் இல்லாம பாக்காதீங்க.

கடையில ஒப்பிடுறதுக்கும் ஒரு முறை இருக்கு. எல்லாக் கிட்டாரையும் ஒரே ஆம்ப்ல போடணும், ஆம்ப்ல பேஸ் மிடில் டிரெபிள் மூணையும் நடுவுல வைக்கணும், எஃபெக்ட் எதுவும் கூடாது. கடைக்காரர் காட்டும்போது ஆம்ப்ல பேஸ் திருக ஏத்தி வச்சுதான் காட்டுவார், ஒத்தையில கேக்க கும்முனு இருக்கும், டிரம்ஸும் கீபோர்டும் சேந்தா காணாமப் போயிரும், குழுவுக்குள்ள பேஸ் கிட்டார தூக்கிக் காட்டுறது மிடில்தான். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகக் கட்டை) அமுக்கி வாசிச்சுப் பாக்கணும், எங்கயாவது ஒரு நோட்டு சட்டுனு செத்து விழுதா, கம்பி ஃப்ரெட்டுல இடிக்குதான்னு. 12வது ஃப்ரெட்டுல ஹார்மானிக்கும் (கம்பிய அமுக்காம லேசா தொட்டு வாசிக்கிற நோட்டு) அமுக்குன நோட்டும் ஒரே சுருதில நிக்குதான்னு சுருதி காட்டுற டியூனர்ல பாக்கணும். பெல்ட்டு மாட்டி ரெண்டு கையையும் விட்டுப் பாருங்க, தலைப்பக்கம் கீழ சாஞ்சா மூணு மணி நேரக் கச்சேரிக்கு இடது கை அத தூக்கிட்டே நிக்கணும். நாலு கிலோ வரைக்கும் தோள் தாங்கும், அஞ்ச நெருங்குனா வேண்டாம்னுதான் சொல்வேன்.

நாங்க எடுத்துப் பாத்தது மூணு. ஒரு யமஹா டி.ஆர்.பி.எக்ஸ் 174, ஒரு ஐபனேஸ் ஜி.எஸ்.ஆர் வரிசை, ஒரு ஸ்கொயர் ஜாஸ் பேஸ். ஜாஸ் பேஸ் ஃபெண்டர் 1960ல கொண்டு வந்த அமைப்பு, நெக்கு, அதாவது கழுத்து, தலைப் பக்கம் ஒல்லியா இருக்கும், அவன் விரலுக்கு அருமையா இருந்துச்சு, ஆனா ரெண்டு பிக்கப்ல (கம்பி அதிர்றத சிக்னலா மாத்துற காந்தம்) ஒன்ன மட்டும் கூட்டி வச்சா டியூப்லைட்டுக்குக் கீழ ஒரு இரைச்சல் வரும், ஒத்தக் காயில் (ஒரே ஒரு வயர்ச் சுருள்) பிக்கப்புக்கே உள்ள குணம் அது, எங்க கோயில் ஸ்டேஜ் பூரா டியூப்லைட்டு. ஐபனேஸ் வாசிக்க லேசு, எடையும் கம்மி, அந்தக் கடையில இருந்த பீஸ்ல மட்டும் ரெண்டு ஃப்ரெட் இடிச்சுச்சு. யமஹால முன்னாடி பிரிசிஷன் மாதிரி ரெண்டாப் பிரிச்ச காயில், அதுவே இரைச்சல அடக்கிரும், பின்னாடி ஒரு ஜாஸ் பிக்கப், பேட்டரி கிடையாது, கச்சேரி நடுவுல பேட்டரி தீந்து சத்தம் நின்னு போச்சுங்கிற பேச்சே இல்ல. அதையே எடுத்தோம், 21,500 ரூவா. இன்னொரு கடையில இன்னொரு பீஸ் எடுத்திருந்தா முடிவு மாறியிருக்கலாம், மாடல் பேர விட கையில இருக்கிற பீஸ்தான் முக்கியம், இத எந்தக் கட்டத்துலயும் போட முடியாது, ஆனா ஒரு வரி எழுதலாம் இல்லையா.

அஞ்சு கம்பி வேண்டாம்னு ஏன் சொன்னேன்னா, விலை குறைஞ்ச அஞ்சு கம்பியில அந்த பி கம்பி தொளதொளன்னு இருக்கும், 34 இஞ்ச் நீளத்துல அத இறுக்கமா நிக்க வைக்க நல்ல நெக்கும் நல்ல கம்பியும் வேணும், அந்த விலைக்கு அது கிடைக்காது. ரெண்டு மூணு வருசம் போகட்டும்.

இப்ப யாருமே காசு ஒதுக்காத விசயம், செட்டப். கடையிலருந்து வர்ற எந்தக் கிட்டாரும் நம்ம கைக்குத் தயாரா வராது. எங்க ஊர்ல கிட்டார் ரிப்பேர் பாக்குற அண்ணன் ஒருத்தர் இருக்கார், 1,200 ரூவா வாங்கினார். முதல் ஃப்ரெட்டையும் நெக்கு உடம்புல சேர்ற இடத்து ஃப்ரெட்டையும் அமுக்கிப் புடிச்சுட்டு நடுவுல கம்பிக்குக் கீழ ஒரு விசிட்டிங் கார்டு போற அளவு இடைவெளி இருக்கான்னு பாத்தார், நெக்குக்குள்ள அதோட வளைவ சரி பண்ற டிரஸ் ராட கால் சுத்து திருப்பினார், அதுக்கு மேல ஒரே நாள்ல திருப்ப மாட்டார், 12வது ஃப்ரெட்ல ஜி கம்பியோட உசரம் ரெண்டு மில்லிமீட்டர், ஈ கம்பி ரெண்டரை, அப்புறம் கம்பி உக்கார்ற ஒவ்வொரு சேடிலையும் நகத்தி சுருதி சேத்தார். வாங்கிட்டு வந்தப்ப எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல அமுக்க விரல் வலிச்ச பையன் மறுநாள் அதே கிட்டார்ல சிரிச்சுக்கிட்டே வாசிச்சான். 1,200 ரூவாய்க்கு இதவிட பெரிய மாத்தம் எந்தப் பெடலும் தராது.

எஃபெக்ட்ஸ பத்தி சுருக்கமா சொல்லிர்றேன். நூறு சவுண்டு இருக்குன்னு வாங்குவாங்க, ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா மூணுதான் பயன்படும், டியூனர், சத்தத்த ஏத்த இறக்கமில்லாம சமன் பண்ற கம்ப்ரசர், எப்பவாவது ரெண்டு பேர் சேந்து வாசிக்கிற மாதிரி காட்டுற கோரஸ். லீட் கிட்டாருக்குச் செஞ்ச, சத்தத்த கரகரப்பாக்குற ஓவர்டிரைவ் பெடல பேஸ்ல போட்டா அடிச்சத்தம் ஓடிப்போயிரும், பிளெண்டுன்னு ஒரு திருகு இருந்து சுத்தமான சத்தத்தையும் கூடவே கலக்க விட்டாத்தான் பேஸுக்கு ஆகும். வாங்கியே ஆகணும்னா ஜூம் பி1 ஃபோர் மாதிரி பல எஃபெக்ட் ஒன்னா இருக்கிற சின்ன மல்டி போதும், எல்லாத்தையும் அதுலயே ருசி பாத்துட்டு, எது இல்லாம முடியலையோ அத மட்டும் தனிப் பெடலா வாங்கலாம். அடாப்டர் மட்டும் பாத்து வாங்குங்க, பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ், வீட்ல கிடந்த வேற ஏதோ அடாப்டர சொருகி கூட வாசிச்ச ஒரு தம்பியோட பெடல் புகைஞ்சு போனத கண்ணால பாத்தேன். அக்கா பையனுக்கு இப்போதைக்கு எஃபெக்ட் எதுவும் வாங்கல, கிட்டார் தலையில மாட்டுற கிளிப் டியூனர் 500 ரூவா, அதோட சரி.

வீட்ல வாசிக்க யாரோ வச்சிருந்த பழைய ஃபெண்டர் ரம்பிள் 25 ஆம்ப் ஒன்னு 8,000க்குக் கிடைச்சுது, எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், ஹெட்போன் ஓட்டை இருக்கு, போன்லருந்து பாட்ட உள்ள விட்டு கூடவே வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்ல. டி.ஐ. 2,500, கிட்டார், செட்டப், டியூனர், வயர், பெல்ட்டு, பை எல்லாம் சேத்து மொத்தம் 36,500. மிச்சம் 3,500ஐ அக்கா தனியா எடுத்து வச்சிருக்காங்க, அது கம்பிக்கு. கடல் காத்து அடிக்கிற ஊர்கள்ல கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைச்சு வச்சா ரெண்டு மடங்கு நாள் உழைக்கும். சத்தம் செத்துப்போன ரவுண்ட்வவுண்ட் (மேல சொரசொரன்னு சுத்தின) கம்பிய வெந்நீர்ல பத்து நிமிசம் கொதிக்க வச்சுக் காயவச்சா ஒரு வாரம் பத்து நாளைக்குப் புதுச் சத்தம் வரும், எங்க குழுவுல பெரியவங்க அப்படித்தான் ஒரே செட்டுல வருசத்த ஓட்டுனாங்க.

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டம் போடும்போது, ஐயா, எத்தன சவுண்டுங்கிற வரிய எடுத்துட்டு அந்த இடத்துல எத்தன கிலோ, ஆர்.எம்.எஸ் எத்தன வாட்ஸ், மிக்சருக்கு எக்ஸ்.எல்.ஆர் அவுட் (மைக் வயர் சொருகுற ஓட்டை) இருக்கா, செட்டப் செலவு எவ்வளவுன்னு போடுங்க. முடிஞ்சா உங்க நிருபர ஒரு நாள் கச்சேரி மேடைக்கு அனுப்புங்க, சவுண்ட் செக் நேரத்துல வந்தார்னா டி.ஐ. போட்டு ஒரு தடவ, போடாம ஒரு தடவ வாசிச்சுக் காட்டச் சொல்லி அவர் காதாலயே கேட்டுட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கும் வாசகர்,
பாளையங்கோட்டை