செயலாளரின் ஆண்டறிக்கை 2025: சனிக்கிழமை வகுப்பும் அதற்கு வெளியே நடந்தவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உட்லண்ட்ஸ் வட்டாரத்து நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு நடவடிக்கைகள் பற்றிய அறிக்கையைச் செயலவையின் சார்பில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். பணம் எதற்குப் போனது, எதற்குப் போகவேண்டாம் என்று முடிவெடுத்தோம் என்பதைச் சொல்வதுதான் என் வேலை.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல், ஏப்ரலில் தமிழ் மொழி மாதப் பேச்சுப் போட்டி, தீபாவளி ஒன்றுகூடல் மூன்றும் நடந்தன. சிங்கப்பூரின் 60ஆம் பிறந்தநாளை ஒட்டி வசிப்போர் குழுவோடு சேர்ந்து புளோக்கின் கீழ்த்தளத்தில் காலை விருந்து ஒன்று வைத்தோம். இட்லி சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்ற புகார் செயலவைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த முறை கவனிக்கப்படும். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மூத்த உறுப்பினர் இவ்வாண்டு காலமானார். அவர் குடும்பத்தாருக்கு நம் ஆழ்ந்த இரங்கல். படங்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன.

இனி, செயலவைக் கூட்டங்களில் அதிக நேரத்தையும் சில சமயம் அதிகக் குரலையும் வாங்கிய விஷயம்.

ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் சிலர் சனிக்கிழமைத் துணைப்பாட வகுப்பில் கணிதத்துக்கு இன்னொரு பிரிவு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பாடம் நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டார். இந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், அக்கம்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கேட்டுக்கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்; வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்குமுன் அதைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போமே என்றார். அப்படித் தொடங்கியதுதான் சமூக மன்ற அறையில் நடந்த ஆய்வுரை மாலைகள். ஒருவர் ஓர் ஆய்வைத் தமிழில் விளக்குவார், மற்றவர்கள் சண்டை போடுவார்கள். எங்கள் மேடைப் பேச்சுகளுக்கு இப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. தாய்மார்கள்தாம் அதிகம் வந்தார்கள். அவர்கள் இழுத்து வந்த பிள்ளைகள் பின்வரிசையில் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தாலும் காது இங்கேதான் இருந்தது.

முதல் மாலை பிசா ஆய்வு. பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 15 வயது மாணவர்களிடம் நடத்தும் இந்த ஆய்வில் சிங்கப்பூர் மதிப்பெண்ணில் முன்னணியில் நிற்பது எல்லாருக்கும் தெரியும். 2015ஆம் ஆண்டுச் சுற்றில் அவர்கள் மாணவர் நலனைப் பற்றியும் கேட்டார்கள். நன்றாகத் தயாராகி இருந்தாலும் தேர்வு என்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் இங்கே 76 விழுக்காடு. அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 55. மோசமான மதிப்பெண் வந்துவிடுமோ என்று கவலைப்பட்டவர்கள் இங்கே 86 விழுக்காடு, அங்கே 66. அன்று பதில் சொன்ன பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் பழைய டி-ஸ்கோர் முறை போனது. 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி இரண்டிலும் அரையாண்டுத் தேர்வுகள் எடுக்கப்பட்டன. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளும் இல்லை. அப்படியானால் வீட்டில் பதற்றம் குறைந்திருக்கவேண்டும் அல்லவா? குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 2017/18 குடும்பச் செலவு ஆய்வில் 1.4 பில்லியன் வெள்ளி. 2023 ஆய்வில் 1.8 பில்லியன்.

இதைக் கேட்டதும் ஓர் அம்மா சொன்னதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதி வைத்தேன். "பரீட்சையக் குறைச்சா எங்களுக்குத்தாங்க பயம் கூடுது. பிள்ளை எங்க நிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? டியூஷன் டீச்சர் ஒருத்தர்தான் சொல்றாங்க." துணைப்பாடத்தைப் பேராசை என்று திட்டுகிற கட்டுரைகளைவிட இந்த மூன்று வாக்கியங்கள் எனக்குத் தெளிவாகப் பட்டன. பெற்றோர் துணைப்பாடத்தில் பாதி வாங்குவது பாடத்தை. மீதி, பிள்ளை எப்படி இருக்கிறது என்ற தகவலை.

இரண்டாம் மாலை சற்றுக் கனமானது. மனநலக் கழகம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களிடம் நடத்திய தேசிய இளையர் மனநல ஆய்வு 2024 செப்டம்பரில் வெளிவந்தது. மனச்சோர்வு, மனப்பதற்றம், மன உளைச்சல் இவற்றில் ஏதாவது ஒன்றின் கடுமையான அறிகுறிகள் இருப்பதாக 30.6 விழுக்காட்டினர் சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய இன்னொரு ஆய்வில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அறிகுறிகள் இருந்தன. ஆனால் நோய் என்று சொல்லத்தக்க அளவுகோலை எட்டியவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றித்தான் அன்று அதிகம் பேசினோம். அறிகுறி என்பது வேறு, நோய் என்பது வேறு. மூன்றில் ஒரு பிள்ளைக்கு மருத்துவர் தேவை என்று யாரும் சொல்லவில்லை. மூன்றில் ஒரு பிள்ளை மனத்துக்குள் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போய்வருகிறது, அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் பொருள். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்று தொடங்கிய அண்ணன் ஒருவரை அவர் மகளே நிறுத்திவிட்டார். அதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

அன்று ஒரு யோசனையும் வந்தது: நம் வகுப்புப் பிள்ளைகளிடமே கேள்வித்தாள் கொடுத்து அவர்கள் மனநலத்தை அளந்தால் என்ன? செயலவை வேண்டாம் என்று முடிவெடுத்தது. நமக்கு அந்தப் பயிற்சி இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு தாளில் வருத்தமான பதில் ஒன்றைப் படித்துவிட்டு நாம் என்ன செய்வோம்? இருக்கும் வழியைச் சுட்டிக்காட்டுவதே நம் வேலை. வகுப்பறைக் கதவில் 24 மணி நேரமும் எடுக்கும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் உதவி எண் 1767, 2025 ஜூனில் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771 இரண்டையும் ஒட்டியிருக்கிறோம். கவலை தருகிற எதையாவது ஒரு பிள்ளை சொன்னால், யார் பெற்றோரிடம் பேசுவது, யார் குடும்பச் சேவை நிலையத்தை அழைப்பது என்று தொண்டூழியர்களுக்குள் பிரித்துக்கொண்டோம்.

மூன்றாம் மாலை தூக்கம் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் உடனே ஏதாவது செய்ய முடிந்தது. 2016 ஜூலையில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தன் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மாற்றத்துக்கு முன்பும், ஒரு மாதம் கழித்தும், ஒன்பது மாதம் கழித்தும் மாணவிகளைக் கவனித்தார்கள். பள்ளி நாள்களில் எட்டு மணி நேரமாவது தூங்குகிறோம் என்றவர்கள் 6.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாக உயர்ந்தார்கள். பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலையும் தேறியது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது கூடுதலாகக் கிடைத்த தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம்தான். பத்து நிமிடமா என்று சிரித்தார்கள். பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, "சீக்கிரம் படு" என்று அதட்டுவதால் தூக்கம் வராது என்று தாதியாக வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் விளக்கியதும் சிரிப்பு அடங்கியது. ஒரே பள்ளி, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பள்ளி இல்லை, அதனால் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும் என்று தொழிற்கல்லூரி உறுப்பினர் சொன்னார். சரிதான். ஆனாலும் வாரம் முழுக்க இருட்டில் எழுந்து போகும் பிள்ளைகளை சனிக்கிழமையும் எட்டரை மணிக்கு வரச்சொன்னது நாம்தானே. வகுப்பை பத்தரைக்கு மாற்றினோம். நீச்சல் வகுப்பு, வயலின் வகுப்பு எல்லாம் இடிக்கிறது என்று எதிர்ப்பு வந்தது. சிலர் விலகியும் போனார்கள். வந்தவர்கள் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆசிரியை சொல்கிறார்.

பத்தரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்குப் பசிக்கும். மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்தோம். அங்கிருந்துதான் இந்த ஆண்டின் பெரிய வாக்குவாதம் முளைத்தது.

கொள்கை ஆய்வுக் கழகம் 2025 தொடக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இன, சமய நல்லிணக்கம் பற்றி ஏறக்குறைய 4,000 பேரிடம் கேட்டது. அதில் ஒரு கணக்கு: நெருங்கிய நண்பர்கள் எத்தனை பேர் என்றதற்கு 2018இல் சராசரி 10.67, 2024இல் 6.49. அதே கழகம் 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இன்னும் உறுத்தியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில், அதாவது கழக வீடுகளில் வசிப்பவருக்கு, அதேபோன்ற வீட்டில் வசிக்கும் நெருக்கமானவர்கள் சராசரியாக 4.3 பேர், தனியார் வீட்டில் வசிப்பவர்கள் ஒருவருக்கும் குறைவு. இனத்தைவிட, சமயத்தைவிட, வீட்டு வகையும் படித்த பள்ளியும்தான் அதிகம் பிரிக்கின்றன என்றது அந்த ஆய்வு. நம் சங்கத்தைப் பார்த்தேன். முழுக்க கழக வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள். எதிர்ச்சாலைக் கொண்டோமினியத்தில், அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் தீபாவளி அவர்கள் வளாகத்தில், நம் தீபாவளி நம் புளோக்கில். ஒரே மொழி, நடுவில் ஒரு சாலை.

இதனால் பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைக் காட்டினார் தொழிற்கல்லூரி உறுப்பினர். ஒன்று 1973இல் மார்க் கிரானோவெட்டர் எழுதியது. வேலை மாறியவர்களை விசாரித்தபோது, வேலை பற்றிய தகவல் பெரும்பாலும் நெருங்கியவர்களிடமிருந்து வரவில்லை, எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்களிடமிருந்து வந்தது. மற்றொன்று டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் பொருளியல் பேராசிரியராக இருக்கும் ராஜ் செட்டியின் குழு 2022இல் வெளியிட்டது. பெயரைக் கேட்டதும் "நம்ம ஆளா?" என்று ஒரு குரல், அதற்குப் பதில் தேடிய நேரத்தில் அரை மணி போயிற்று. 70 மில்லியனுக்கும் அதிகமான அமெரிக்கர்களின் ஃபேஸ்புக் நட்புகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு நட்பாக வளரும் இடங்களில், பிற்கால வருமானம் கணிசமாகக் கூடுதலாக இருந்தது. அமெரிக்கக் கணக்கை உட்லண்ட்ஸில் ஒட்டிவைக்க முடியாது. எது காரணம், எது விளைவு என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் சாலையைக் கடந்து போய் ஒரு வணக்கம் சொல்ல அவ்வளவு ஆதாரம் போதும் என்று செயலவை நினைத்தது.

அதன்படி சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கொண்டோமினியக் குடும்பங்களையும் அழைத்தோம். சாப்பாட்டுக்குப் பின் அறை மாலை வரை திறந்திருக்கும்; கேரம், வீட்டுப்பாடம், வெட்டிப்பேச்சு, எது வேண்டுமானாலும். கணிதத்துக்கு இரண்டாம் பிரிவு தொடங்கவில்லை. அந்தப் பணம் இதற்குப் போனது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார்: "தம்பி, பிள்ளைங்க படிப்புக்குன்னு தொடங்கின சங்கம் இது. கேரம் போர்டு வாங்கவா சந்தா கட்டுறோம்?" அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது, இன்றும் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதல் சில வாரங்கள் இரண்டு கூட்டமும் தனித்தனி மேசையில்தான் சாப்பிட்டன. பெரியவர்கள் "எந்த ஊரு உங்களுக்கு?" என்பதைத் தாண்டவில்லை. பிள்ளைகளைச் சேர்த்தது பூப்பந்து. இரட்டையர் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தபோது பக்கத்து மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். தொழிற்கல்லூரியில் படிக்கும் நம் புளோக் மாணவர் ஒருவர் வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். கொண்டோமினியத்திலிருந்து வரும் ஓர் அங்கிள் அவரை உட்காரவைத்து நேர்காணலுக்குப் பழக்கினார். இடம் கிடைக்கவில்லை. அவர்கள் இருவரும் அடுத்த விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கொண்டோமினியத்து அம்மா ஒருவர், உயர்நிலைப் பள்ளியில் மகனுக்கு எந்தப் பாடத்தை எந்த நிலையில் எடுப்பது என்று நம் அக்கா ஒருவரிடம்தான் தெரிந்துகொண்டார். உதவி ஒரே திசையில் போகவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பெண் பிள்ளைகள் மதியத்துக்குப் பின் தங்குவது குறைவு. காரணத்தை அவர்களிடம் கேட்டபோது, அறையில் எப்போதும் பையன்களின் சத்தம்தான் என்றார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் இருவர் ஏற்பாட்டுக் குழுவில் இருப்பார்கள்.

இக்கூட்டத்தின் முடிவுக்காகச் செயலவை மூன்றைக் கேட்கிறது. சனிக்கிழமை நேரம் பத்தரையாகவே தொடரவேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கீடு வேண்டும். தொகை பொருளாளரின் அறிக்கையில் உள்ளது. கொண்டோமினியக் குடும்பங்கள் உறுப்பினராகச் சேர நம் சட்டவிதியில் வட்டார எல்லை தடையாக இருக்கிறது; அதைத் திருத்தச் சங்கங்களின் பதிவகத்தின் ஒப்புதல் பெறவேண்டும், வரைவு உங்கள் இருக்கையில் வைக்கப்பட்டுள்ளது. கணித வகுப்புக் கோரிக்கையையும் மறக்கவில்லை. சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) துணைப்பாட வகுப்புகளில் சேர விரும்புவோருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுகிறோம். கூட்டம் முடிந்ததும் பின்மேசைக்கு வாருங்கள்.

சமைத்தவர்கள், அறை பெருக்கியவர்கள், ஆய்வுகளைத் தமிழில் சொல்லித் திணறியவர்கள், இடம் தந்த சமூக மன்றம் எல்லாருக்கும் நன்றி. கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். இல்லையேல் இந்த அறிக்கையை ஏற்று முன்மொழியவும் வழிமொழியவும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்