பெட்ரோல் பங்கில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: எண்ணெய் நிறுவனங்களுக்குக் கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெட்ரோல் விற்கும் எண்ணெய் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

என்னிடம் 2005-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா கரிஷ்மா பைக் ஒன்று இருக்கிறது. 223 சிசி, ஐந்து கியர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பக் கார்புரேட்டர் வைத்த பழைய வகை வண்டி. டேங்கில் எழுதியிருக்கும் அந்த இரண்டு பேரும் என்றைக்கோ பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி மட்டும் இன்னும் கூட்டுக் குடும்பமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் தனுஷ்கோடி போயிருக்கிறேன், வால்பாறை போயிருக்கிறேன், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் நாலு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். டேங்கில் பதினைந்து லிட்டர் பிடிக்கும். விடியற்காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்பினால் நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாக ராமேஸ்வரம் போய்ச் சேரும்வரை எங்கேயும் பெட்ரோலுக்கு நிற்கத் தேவையில்லை. டீக்கு நிற்பேன், அது வேறு கணக்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெட்ரோலில் கலக்கிற எத்தனாலோடு, அதாவது கரும்பு மாதிரியான பயிர்களிலிருந்து எடுக்கும் ஆல்கஹாலோடு, எனக்குச் சண்டை கிடையாது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், ஆலைக்குப் போகும் டிராக்டருக்குப் பின்னால் ஓடிக் கழி உருவித் தின்று வளர்ந்தவன். கரும்புக்கு இன்னொரு வாடிக்கையாளர் கிடைத்தால் எங்கள் வீட்டுக்கும் நல்லதுதான். 2018-இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்போம் என்றது. பிறகு அந்தக் கெடுவை முன்னால் இழுத்து, 2025-லேயே தொட்டும் விட்டார்கள். இந்த நாட்டில் ஒரு வேலை ஐந்து வருடம் முன்னதாக முடிந்தது என்றால் சும்மா இல்லை. நான் கேட்க வந்தது அதைப் பற்றி இல்லை. பங்கில் நான் காசு கொடுத்து வாங்குகிற சரக்கில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்கத்தான் வந்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகி எங்கள் பக்கம் வந்துவிட்டது. 2011-இல் ‘தானே’ புயல், 2015-இல் மழை வெள்ளம் என்று பார்த்துப் பழகின ஊர்தான். ஆனால் ஆறு வரும்போது முதலில் அம்மாவையும் அரிசி மூட்டையையும்தான் மாடிக்கு ஏற்றத் தோன்றுமே தவிர, நூற்றைம்பது கிலோ வண்டியை ஏற்றத் தோன்றாது. இரண்டு நாள் அது தண்ணீரில் நின்றது. டேங்க் மூடி வரை நனைந்த கோடு தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் மெக்கானிக் அண்ணன் இருபது வருடமாக அந்த வண்டியைத் தொடுகிறவர். அவர் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சின்ன திருகைத் தளர்த்தி, பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தில் இருந்ததை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்தார். மேலே மஞ்சளாகப் பெட்ரோல். கீழே கலங்கலாக இன்னொன்று, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. அண்ணன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முன்னல்லாம் தண்ணி பூந்தா தண்ணி மட்டும்தான் தம்பி கீழ நிக்கும். வடிச்சி விட்டுட்டு மேல இருக்கறத திருப்பி ஊத்திக்கலாம். இப்ப அதுவும் முடியாது.”

ஏன் முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்ற வண்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. எத்தனாலும் தண்ணீரும் பார்த்தவுடன் சேர்ந்துகொள்ளும். கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும், வெளியே தெரியாது. ஒரு அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு கூட்டுச் சேர்ந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். இஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயும் அந்த அடியில்தான் இருக்கிறது. மேலே மிஞ்சுகிற பெட்ரோலும் எத்தனாலை இழந்து, ஆக்டேன் (இஞ்சினுக்குள் தட்டல் வராமல் தாங்கும் திறன்) குறைந்து, பழைய பெட்ரோலாக இருக்காது. அதனால்தான் அண்ணன் மொத்தத்தையும் கீழே கொட்டச் சொன்னார். கிட்டத்தட்ட டேங்க் நிறையப் போட்டு வைத்திருந்தேன். வயிறு எரிந்தது.

அதில் எத்தனை சதவீதம் எத்தனால் இருந்தது? அண்ணன் கேட்டார். நான் முழித்தேன். நான் பெட்ரோல் போடுகிற எந்தப் பங்கிலும் அதை எழுதி ஒட்டிப் பார்த்ததில்லை. விலை எழுதியிருக்கிறது, அடர்த்தி எழுதியிருக்கிறது, செல்போன் பேசக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் கலப்படம் பார்க்கும் உரிமைகூட எனக்கு இருக்கிறதாம். நீங்களே கலந்தது எவ்வளவு என்பது மட்டும் இல்லை.

கடலூர்க்காரர்களான எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் வடக்கே போனால் முள்ளோடையில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதனால் பாதி நாள் இங்கே போடுவோம், பாதி நாள் அங்கே போடுவோம். இரண்டு பக்கத்துப் பெட்ரோலும் ஒரே டேங்கில் சேர்ந்து கிடக்கும். எதில் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசியில் நானே சோதித்துப் பார்த்தேன். மகள் பள்ளிக்கூட வேலைக்கு வாங்கின நூறு மில்லி அளவுக் குடுவை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் 20 மில்லி தண்ணீர், 80 மில்லி பெட்ரோல். வாயை மூடி நன்றாகக் குலுக்கி, அடுப்படிக்கு எட்டாத தூரத்தில், பின்பக்கத் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு காபி குடித்து வந்தேன். எத்தனால் இருந்தால் அது கீழே தண்ணீரோடு சேர்ந்துவிடும்; இல்லாத பெட்ரோலாக இருந்தால் தண்ணீர் நிற்கும் கோடு இருபதிலேயே நின்றிருக்க வேண்டும். நான் வந்து பார்த்தபோது முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதாவது 80 மில்லியில் சுமார் பதினைந்து மில்லி எத்தனால், கிட்டத்தட்ட இருபது சதவீதம். நீங்கள் சொன்ன அளவில் மோசடி எதுவும் இல்லை, சந்தோஷம். ஆனால் ஒரு வாடிக்கையாளர் இதைத் தெரிந்துகொள்ள மகளின் குடுவையைத் திருட வேண்டியிருக்கிறது பாருங்கள். (அவள் இன்னும் அதைக் கழுவித் தரச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெட்ரோல் வாடை போகவில்லை.)

சதவீதம் தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. இப்போது வரும் வண்டிகளில் சென்சார் பார்த்து, கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. என் கார்புரேட்டரில் கணினி இல்லை, பித்தளையில் துளை போட்ட ஒரு ஜெட் இருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே துளையில் அதே அளவு ஊற்றினால் இஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற கதையாகிவிடும். கொல்லிமலை ஏற்றத்தில் ஒரு தடவை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் கால் வைக்க முடியவில்லை. திரும்பி வந்து மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக மாற்றி, காற்றுத் திருகை அரைச் சுற்றுத் திருத்தினோம். இப்போது சரியாக இருக்கிறது. ஆனால் அந்தச் சரி, 20 சதவீதத்துக்கான சரி. வேறு அளவில் கலந்ததைப் போட்டால் திரும்பவும் பிளக்கைக் கழற்ற வேண்டும். எவ்வளவு என்று எழுதி வைத்தால் அண்ணனுக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்.

மைலேஜ் பற்றி நான் அழப் போவதில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லிவிட்டது. என் நோட்டில் லிட்டருக்கு 39 இருந்தது இப்போது 37 என்று இருக்கிறது. அதில் பாதி என் வலது கையின் குற்றமாகவும் இருக்கலாம். ஆக்டேன் கூடியிருக்கிறது என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். என் இஞ்சினின் கம்ப்ரஷன் ஒன்பதுக்கு ஒன்று, அதிக ஆக்டேன் கேட்கிற அளவுக்கு அழுத்தம் இல்லை. அதற்கு அந்த ஆக்டேன், பல் போன பாட்டிக்குக் கொடுத்த முறுக்கு.

என்னை உறுத்துவது ரப்பர்தான். பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான், வழக்கமான சர்வீஸிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. செலவு குறைவு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. மிதவைக் கிண்ணத்துக்குள் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்று ஒரு டீ, ஒரு வடை விலைதான். போன மாசம் அதைக் கழற்றினேன். துடைத்துவிட்டுத் திரும்ப அதே பள்ளத்தில் வைத்தால் உட்கார மறுக்கிறது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழுந்து வருகிறது. ஊறிப்போய் வளையமே பெரிதாகிவிட்டது. எத்தனால்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், இருபது வயது ரப்பருக்கு ஆயிரம் வியாதி. ஆனால் புதிதாக ஒன்று வாங்கக் கடலூரில் மூன்று கடை, புதுச்சேரியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். “ஒரிஜினல் வராதுண்ணே. லோக்கல் இருக்கு, மூணு மாசம் தாங்கும்” என்றார் ஒரு பையன். நேர்மையான பையன். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு மலிவான பாகம் என்பது, சந்தையில் இல்லாத கத்திரிக்காய்க்கு விலை குறைவு என்பது மாதிரி. வழியில் நின்றுவிட்டால் வேதாரண்யத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் எந்த சர்வீஸ் சென்டரில் போய் ஓ-ரிங் கேட்பது? இப்போது பயணப் பையில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு நாலு லோக்கல் ஓ-ரிங்கும், ஒரு முழம் பெட்ரோல் ட்யூபும் வைத்திருக்கிறேன்.

புது வண்டி வாங்கு என்பார்கள், என் மைத்துனர் உட்பட. வாங்கலாம். பதினைந்து வருடம் முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, கேட்ட கட்டணம் கட்டி, பதிவைப் புதுப்பித்திருக்கிறேன். புகைச் சான்றிதழ் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. சாலையில் ஓடத் தகுதி உண்டு என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த வண்டி. அதற்கேற்ற பெட்ரோலையும் யாராவது விற்றால்தானே அந்த முத்திரைக்கு அர்த்தம் இருக்கும்?

புதுச்சேரியில் தெருவுக்கு நாலு வீட்டுக்காவது பிரான்சில் சொந்தம் உண்டு. முதலியார்பேட்டையில் என் நண்பனுடைய சித்தப்பா பொங்கலுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் போனில் ஒரு படம் காட்டினார். அவர் ஊர்ப் பங்கில் பெட்ரோல் அடிக்கும் குழாயின் பிடியிலேயே ஒரு வட்ட ஸ்டிக்கர், அதற்குள் ‘ஈ10’ என்று எழுத்து, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பக்கத்துக் குழாயில் ‘ஈ5’, 5 சதவீதம் வரை. 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இப்படித்தான், புது வண்டியின் டேங்க் மூடியிலும் அதே வட்டம் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்துப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பிரிட்டன் 2021 செப்டம்பரில் ஈ10-க்கு மாறியபோதும், பழைய வண்டிகளுக்காக ஈ5-ஐ விலை கூடின சூப்பர் ரகத்தில் நிறுத்தி வைத்தது.

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்கச் சொல்லிப் போட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சரி, சட்டப்படி கேட்க முடியாது என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் வாடிக்கையாளராக உங்களிடம் கேட்கிறேன். எத்தனாலே இல்லாத பெட்ரோலைக் கேட்கவில்லை. நிதி ஆயோக் அறிக்கையிலேயே பழைய வண்டிகளுக்காக ஈ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்ற பேச்சு இருக்கிறது. அதை மாவட்டத்துக்கு ஒரே ஒரு பங்கில், ஒரே ஒரு குழாயில் வையுங்கள். விலை கூட வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம். கடலூர் மாவட்டத்தில் எந்த மூலையில் வைத்தாலும் வந்து போடுவோம். எங்களுக்கு வண்டி ஓட்ட ஒரு சாக்குக் கிடைத்த மாதிரியும் ஆகும்.

அதற்கு டேங்க், லாரி, குழாய் என்று செலவாகும், யோசிக்க நாளாகும் என்றால் சரி, காத்திருக்கிறேன். அந்த ஸ்டிக்கருக்கு என்ன செலவு? இந்தக் குழாயில் வருவது ஈ20, அல்லது எதுவோ அது. தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், குழாயின் பிடியில். டிசம்பர் மழைக்கு முன்னால் ஒட்டினால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு பழைய கரிஷ்மாக்காரன்

பி.கு.: இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது அந்தக் கார்புரேட்டருக்கான ஒரிஜினல் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு) சும்மா கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மஞ்சக்குப்பத்தில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் என்னிடம் வந்து சேர்ந்துவிடும்.