ஸ்பிட்ஃபயருக்குப் பிறகு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டிவலி அப்படியேதான். மாடி ஏறுவதை விட்டுவிட்டேன், விமானப் புத்தகங்களை விடவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தைத் தந்த பிரிட்டிஷ் கம்பெனி சூப்பர்மரைன், ஜெட் காலத்தில் குப்பையைத்தான் செய்தது என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த மிட்செல் போனதுதான் காரணம் என்கிறாயே, அவர் 1937-லேயே, 42 வயதில் இறந்துவிட்டார். போர் முழுக்க ஸ்பிட்ஃபயரை வளர்த்தெடுத்தது அவருக்குப் பின் தலைமை வடிவமைப்பாளரான ஜோ ஸ்மித். பின்னால் வந்த ஜெட்களும் அவர் காலத்தில் உருவானவைதான்.

அவர்களுடைய முதல் ஜெட்டான அட்டாக்கரை விடு. புரொப்பெல்லர் விமானத்துக்கு வரைந்த இறக்கையையே ஜெட்டில் மாட்டி, வால் சக்கரத்தையும் வைத்துக்கொண்ட அரைகுறை வேலை அது. பாகிஸ்தான் 36 வாங்கியது என்பதுதான் நம் பக்கத்துச் செய்தி.

அடுத்து வந்த ஸ்விஃப்ட் சண்டை விமானத்தின் கதை வேறு. கொரியப் போர் பயத்தில், அதன் முன்மாதிரி பறக்கும் முன்பே, 1950-ல் பிரிட்டிஷ் அரசு 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஹாக்கர் கம்பெனியின் ஹண்டர் விமானம் சொதப்பினால் கைகொடுக்கட்டும் என்று! 1953 செப்டம்பரில் கம்பெனியின் சோதனை விமானி லித்கோ லிபியாவில் அதை மணிக்கு 1,184 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனையே செய்தார். படைக்கு வந்தபின்தான் வண்டவாளம் தெரிந்தது. உயரத்தில் ஆஃப்டர்பர்னர் (எஞ்சினுக்குப் பின்னால் இன்னும் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) பற்றிக்கொள்ளாது, திருப்பத்தில் மூக்கு தானாக மேலே தூக்கும். 1955-லேயே சண்டை விமானம் என்ற வேலை போயிற்று. ஆனால் அதே ஸ்விஃப்ட், மூக்கில் கேமராவோடு மேற்கு ஜெர்மனியில் தாழப் பறந்து, 1961 வரை நன்றாகவே உளவு பார்த்தது. அங்கே ஆஃப்டர்பர்னர் மக்கர் செய்யவில்லை, ஏனென்றால் உயரமே போகவில்லை. தப்பு விமானத்தில் பாதி, அவசரத்தில் பாதி என்பேன்.

கப்பற்படைக்குச் செய்த சிமிட்டர் ஜெட்டுக்கு மட்டும் நான் வக்கீலாக வரமாட்டேன். செய்தது 76, விபத்தில் போனது 39. கப்பலில் இறங்குவது அந்தக் காலத்தில் யாருக்கும் ஆபத்துதான், அதற்காகப் பாதிக்கு மேலா? கடைசியில் அதை பக்கனீர் என்ற தாக்குதல் விமானத்துக்கு நடுவானில் எரிபொருள் ஊற்றவும் பயன்படுத்தினார்கள்.

அப்புறம், தை பிறந்ததும் மதுரை வருவதாக இருந்தாயே, தேதி எழுது. ஹண்டரைப் பற்றி நீ வைத்திருக்கும் அந்தத் தடிப் புத்தகத்தையும் எடுத்து வா, இந்த முறை திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராமு