திரும்பத் திரும்பத் திருடுபவரின் மனநோயும் மேல்முறையீடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூட்டை உடைத்துத் திருடியதற்காக மூன்றாவது, நான்காவது முறை தண்டனை பெற்றவர் மனச்சிதைவுக்கோ இருதுருவ மனநோய்க்கோ சிகிச்சையில் இருந்தவர் என்றால், மேல்முறையீட்டில் குடும்பத்தார் கேட்பது ஒன்றுதான்: "புத்தி சரியில்லாதவன், விட்டுவிடுங்கள்." இவ்வகை வழக்கில் அந்த வாதம் பெரும்பாலும் தோற்கும். அதையே நம்பியிருப்பதால், ஜெயிக்கக்கூடிய வாதங்கள் நீதிபதியின் காதுக்கே எட்டுவதில்லை. எங்கள் வேதனை அதுதான்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 84) நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. திருடிய நேரத்தில், தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்று பார்க்கிறது. ஆளில்லாத வீட்டை நோட்டம் விட்டதையும் நகையை அடகு வைத்ததையும் அரசு வழக்குரைஞர் எடுத்துக்காட்டினால் இந்த வாதம் நிற்காது.

தண்டனையின் அளவு வேறு கேள்வி. திருடுவதற்காக இரவில் வீடு புகுந்தால் அதே சன்ஹிதாவின் 331(4)ஆம் பிரிவின்படி 14 ஆண்டு வரை சிறை. குறைந்தபட்சம் இவ்வளவு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. எனவே நோய்க்கு இங்கே இடமுண்டு. மருந்து எப்போது நின்றது, நோய் எப்போது முற்றியது, திருட்டு எப்போது நடந்தது என்ற மூன்று தேதிகளும் ஒரே கோட்டில் வந்தால் நீதிபதி கவனிப்பார். அதற்குப் புறநோயாளர் சீட்டும் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் சுருக்கமும் வேண்டும். தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தருகிறது. தண்டனைக்குப் பிறகு அவசரமாக வாங்கிய சான்றிதழுக்கு அந்த எடை கிடையாது. விசாரணையில் காட்டாத ஆவணம் என்றால், ஏன் காட்டவில்லை என்று விளக்கி, கூடுதல் சாட்சியத்துக்குத் தனி மனு போட வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 432).

நோயைச் சொல்வது திருப்பியும் அடிக்கும். "குணமாகாதவர், வெளியே விட்டால் மறுபடி திருடுவார்" என்பார்கள். யார் மருந்து கொடுப்பார், எந்த மருத்துவமனையில் தொடர் சிகிச்சை என்பதை எழுத்தில் தருவதே அதற்குப் பதில்.

முந்தைய வழக்குகளின் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. நிலுவையில் உள்ள வழக்கு தண்டனை ஆகாது. பழைய தண்டனையைக் காட்டி நியாய சன்ஹிதாவின் 13ஆம் பிரிவில் கூடுதல் தண்டனை தர வேண்டுமானால், அது குற்றச்சாட்டில் குறிப்பிடப்பட்டு, முறைப்படி நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஏற்கெனவே தண்டனை அனுபவிப்பவருக்கு இன்னொரு வழக்கில் தண்டனை விதிக்கும்போது, ஏககாலத்தில் என்று நீதிமன்றம் சொல்லாவிட்டால் அது முந்தையது முடிந்த பிறகே தொடங்கும் (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 467; கீழே அடைப்பில் வரும் எண்களும் அதன் பிரிவுகளே). நான்கு வழக்கில் இரண்டிரண்டு ஆண்டு என்றால் எட்டு ஆண்டு. ஏககாலத்தில் என்று கேட்க மறப்பவர்கள் ஏராளம். விசாரணைக் காலச் சிறையைத் தண்டனையிலிருந்து கழிக்கும்போது (468) ஒவ்வொரு வழக்கிலும் ரிமாண்ட் ஆன தேதியைத் தனித்தனியாகச் சரிபாருங்கள். வேறு வழக்கில் உள்ளே இருந்தவரை பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் உத்தரவு) காட்டிய தேதியில்தான் கணக்குத் தவறும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மேல்முறையீடே செய்ய முடியாது என்பது தவறான நம்பிக்கை. மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பானால், தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத் தன்மையையும் எதிர்க்கலாம் (416). விசாரணையைப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் அவர் இருந்தார் என்பதற்கு வழக்குக் கட்டிலேயே அறிகுறி இருந்தும் நீதிமன்றம் அதை விசாரிக்கவில்லையென்றால், அது இன்னும் வலுவான வாதம் (367, 368).

மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராகச் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், செஷன்ஸ் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள் அவகாசம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெற ஆகும் காலம் இந்தக் கணக்கில் சேராது. தாமதமானால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சிறை மருத்துவக் குறிப்புகளை இணைக்கலாம். சிறையில் இருப்பவர் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீடு அனுப்பலாம். வருமானம் எதுவானாலும் அவருக்கு இலவச வழக்குரைஞர் உண்டு. சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.

தீர்ப்பு வரும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி சிறையின் மனநலப் பிரிவுக்கோ மனநல மருத்துவமனைக்கோ மாற்றக் கோரி இன்றே மனு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
குற்ற மேல்முறையீடுகளை நடத்தும் வழக்குரைஞர்கள் சிலர்