கல்விக் கடன்: வரிக்கழிவு யாருக்கு?

ஆசிரியருக்கு,

கல்விக் கடன் வட்டியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும், பழைய வருமான வரி முறையில் மட்டும் உள்ள சலுகையைப் புதிய வரி முறையிலும் சேர்க்க வேண்டும் என்ற தலையங்கம் படித்தேன். நோக்கம் சரி, வழிதான் தவறு. வரிக்கழிவு வரி கட்டுபவருக்கே உதவும். ரூ.6 லட்சம் கடனுக்கு 10 சதவீதத்தில் ஆண்டுக்கு ரூ.60,000 வட்டி கட்டுபவர், பழைய முறையில் 30 சதவீத வரம்பில் இருந்தால் செஸ் உட்பட ரூ.18,720 மிச்சப்படுத்துவார். மாதம் ரூ.25,000 சம்பளத்தில் சேர்ந்த இளம் பொறியாளருக்கு அதே வட்டிக்கு ஒரு பைசாகூடக் கிடைக்காது. புதிய முறையில் அவருக்கு வரியே இல்லை, எதிலிருந்து கழிப்பது?

சுமை ஏறுவதோ படிக்கும் காலத்தில். 4 ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுதோறும் ரூ.1.5 லட்சம் கடன் பெற்றால், படிப்பும் தவணை தொடங்கும் முன் தரப்படும் அடுத்த ஓராண்டும் முடியும்போது அதே 10 சதவீதத்தில் தனிவட்டி மட்டுமே ரூ.2.1 லட்சம். அது அசலில் சேர, மாதத் தவணை ரூ.8.1 லட்சத்துக்குக் கணக்கிடப்படும். வங்கிக் கிளையில் இந்தக் கோப்புகளைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், பலர் தடுமாறுவது முதல் தவணையிலேயே. தொழிற்கல்விக்கு இந்த வட்டியை முழுதாக ஏற்கும் மத்திய அரசு மானியத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ரூ.4.5 லட்சம், வருமானச் சான்றிதழில் ரூ.4.6 லட்சம் என்றிருந்தால் அது கைநழுவும். ரூ.8 லட்சம் வரை குடும்ப வருமானம் உள்ளோருக்கான 3 சதவீத வட்டிச் சலுகையும் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே. புதிய வரிக்கழிவுக்கு ஒதுக்க நினைக்கும் தொகையைக் கொண்டு, ரூ.8 லட்சம் வரை, குடும்ப வருமானம் கூடக்கூடப் படிப்படியாகக் குறையும் வட்டி மானியத்தை, அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் கடன் கணக்கிலேயே வரவு வைக்கலாம்.