பாப்பாவுக்கு, முட்டிக்கு அடியில் இருக்கும் தலையணை பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், அவனே உனக்குச் சொல்லியிருப்பான். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் காலைப் பற்றி எடுத்தாலே "நல்லா இருக்கும்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். வீடியோவில் முகம் மட்டும்தான் காட்டுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை போன் சரிந்தபோது கட்டில் தெரிந்தது. எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் அறுந்து ஆபரேஷன் செய்த முட்டிக்கு அடியில் தலையணையை மடித்துச் செருகியிருந்தாய். சட்டென்று போனை நிமிர்த்திவிட்டாய். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கும் வைத்திருப்பாய்.

அந்தத் தலையணையை எடுத்துவிடு பாப்பா. நீர் கோத்த முட்டிக்கு லேசாக மடங்கியிருப்பதுதான் சுகம், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தச் சுகத்திலேயே வாரக்கணக்கில் கிடந்தால் பின்பக்கம் இறுகிப்போய், கால் முழுசாக நீளாமல் நின்றுவிடும். மடக்குவது மெல்ல மெல்லப் பிறகும் வரும். நீட்டுவதை ஆரம்பத்தில் விட்டால் பிடிப்பது கஷ்டம். ஐந்து டிகிரி குறைந்தாலே நடையில் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் தொடை கூடுதலாக உழைக்க வேண்டிவரும், அப்புறம் முட்டிச் சில்லைச் சுற்றி வலி ஆரம்பிக்கும். பெரியப்பாவின் காலை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு டவலைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வை. முட்டிக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது, அந்தரத்தில் நிற்கட்டும். பத்து நிமிஷம் அப்படியே விடு, அதன் எடையே அதை இறக்கும். பின்பக்கம் இழுக்கும், இழுக்கட்டும். ஒரு நாளில் பல தடவை செய். ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்துவிட்டு இரண்டு நாள் படுத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை.

முதல் வாரத்தில் ஒரு நாள் ராத்திரி நீயாகவே கூப்பிட்டு, "தொடை நான் சொல்றதக் கேக்கவே மாட்டேங்குதும்மா" என்றாய். அப்புறம் பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். அது உன் சோம்பலும் இல்லை, உன் மனசு பலவீனமும் இல்லை. முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை, அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி முன்தொடைத் தசையை அடக்கி வைத்துவிடும். காலைப் பாதுகாப்பதாக நினைத்து உடம்பே செய்யும் வேலை அது. எவ்வளவு திடமான ஆளுக்கும் நடக்கும். நான் வேலை பார்த்த வார்டில் எத்தனை விளையாட்டுக்காரர்கள், ஓங்கி உதைத்த கால் கட்டிலிலிருந்து ஒரு அங்குலம் எழவில்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதிருக்கிறார்கள்! அந்தத் தசையைத் திரும்ப எழுப்பத்தான் ஃபிசியோ. தேவைப்பட்டால் மின்தூண்டல் கருவி வைத்தும் எழுப்புவார்கள், அதையும் கேட்டுப் பார்.

நீ தனியாகவும் செய்யலாம். காலை நீட்டி உட்கார். உள்ளங்கையை முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியின் பின்பக்கத்தால் அந்தக் கையை அழுத்து. கண்ணைச் சில்லின் மேலேயே வை. தசை பிடித்தால் சில்லு தொடைப் பக்கமாக மேலே நகரும். நூலளவு நகர்ந்தாலும் தசை விழித்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து எண்ணி விடு, மறுபடி அழுத்து. முதல் நாள் ஒன்றும் நகராவிட்டால் விட்டுவிடாதே.

வலிக்குப் பயந்தவள் இல்லை நீ. கை முறிந்து கட்டோடு பரீட்சை எழுதி, வகுப்பில் முதலாவதாக வந்தவள். உன் அப்பா அதை இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அப்படிப்பட்டவளிடம் ஃபிசியோ என்ன சொன்னார் என்று கேட்டால், "அவங்க லீவுலே இருக்காங்க" என்கிறாய். முந்தின வாரமும் அதையேதான் சொன்னாய். பிறந்தநாள் போட்டோவில் வலது காலுக்கு வலது கையிலேயே ஊன்றுகோல் பிடித்திருக்கிறாய். ஒரு கோல்தான் என்றால் எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்று பக்கத்தில் ஃபிசியோ இருந்தால் சொல்லியிருப்பார். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், கோல் அதோடு. நினைவிருக்கட்டும்.

எடை கட்டித் தூக்கினால் லிகமென்ட் அறுந்துவிடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த ஆபரேஷனுக்கு வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போடுவார்கள். பிரித்துப் பார்த்தால் தொடை சூம்பிப்போய் இருக்கும், முட்டி மரக்கட்டை மாதிரி மடங்காது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1945இல், தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், முட்டி அடிபட்ட சிப்பாய்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கவைத்துத் தொடை பலத்தைத் திருப்பிக் கொண்டுவந்ததை எழுதி வைத்துவிட்டார். படிப்படியாக என்பதுதான் விஷயம். எந்தப் பயிற்சி, எந்தக் கோணம், எவ்வளவு எடை என்பதை ஃபிசியோ முடிவு செய்யட்டும். செய்த அன்றைக்கு வலித்து, மறுநாள் காலை அடங்கிவிட்டால் சரியான அளவு. மறுநாள் வீங்கியிருந்தால் கூடிப்போயிற்று, குறைத்துக்கொள்.

இன்னொன்று. இப்போது ஆறு வாரம் ஆகிறது. வலி குறைந்திருக்கும். அதை நம்பி ஓடிப் பார்க்காதே. அறுந்த லிகமென்ட்டுக்குப் பதிலாக உள்ளே வைத்த தசைநார் நட்ட கன்று மாதிரி, ரத்த ஓட்டம் வந்து வேர் பிடிக்கும் காலம் இது. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் மைதானத்தில் இறங்கியவர்கள் மறுபடி அறுத்துக்கொண்டு வருவது அதிகம். கால் நீட்டுவதற்குப் பயப்படாதே, குதிப்பதற்குப் பயப்படு.

குதிப்பது என்று எழுதும்போதே கை நிற்கிறது. பேட்மிண்டன் ராக்கெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டாயாமே. மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை, தலையணை அப்புறம்தான். விளையாடித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது உன் இஷ்டம். இனி எதுவும் இல்லை என்று நீ இப்போதே முடிவு கட்டியிருந்தால் அதுதான் பயமாக இருக்கிறது. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் மனசு இப்படி விழுவது நிறையப் பேருக்கு உண்டு. திரும்ப அடிபடுமோ என்ற பயத்துக்கென்றே கேள்வித்தாள் வைத்து ஃபிசியோக்கள் கேட்கிறார்கள், அவ்வளவு சகஜம். என்னிடம் சொல்ல முடியாவிட்டால் அவர்களிடம் சொல். எனக்குக் கோபம் வராது. யாரிடமாவது சொல்லிவிட்டாய் என்று தெரிந்தால் போதும்.

இந்த வாரம் எனக்கு ஒரு போட்டோ வேண்டும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல். முட்டிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று நான் பார்க்க வேண்டும். எவ்வளவு இருந்தாலும் திட்ட மாட்டேன். ஃபிசியோவிடம் என்றைக்கு நேரம் வாங்கியிருக்கிறாய் என்பதையும் கூடவே எழுது. வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் நான் கிளம்பி வருகிறேன். வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. அப்பா தனியாகச் சமாளித்துக்கொள்வார், கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறாய் போலிருக்கிறது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவையாவது பாதத்தை மேலும் கீழும் ஆட்டு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. எனக்குச் சொல்வது அப்புறம் இருக்கட்டும். முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம்.